மேபலுக்கு எழுதிய தீர்ப்பு

குதிரையைச் சுற்றி மூன்று ஜீவராசிகள் மொய்க்கும்: ஈ, உண்ணி, குதிரை நீதிபதி. முதல் இரண்டுக்கும் கடையில் மருந்து கிடைக்கிறது.

மூன்றாமவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குதிரை மேல் ஏறமாட்டார். வேலியின் மேல்கட்டையில் முழங்கைகளை ஊன்றி, தொப்பியைப் புருவம்வரை இறக்கி, புல்தண்டு ஒன்றை மென்றபடி, ஓடாத குதிரை சோம்பேறி, ஓடுகிற குதிரை கிறுக்கு, பயப்படுகிற குதிரை நடிப்பு, பயப்படாத குதிரை திமிர் என்று எச்சில் விழுங்கும் நேரத்தில் தீர்ப்பு எழுதிவிடுவார். சாட்சி விசாரணை கிடையாது. மேல்முறையீடா? குதிரை எங்கே போய்ச் செய்யும்?

ஆஸ்திரேலியாவில் முட்ஜிப் பக்கத்தில் பதினான்கு குதிரைகள் மேயும் ஒரு வாடகைப் புல்வெளியில் அந்தப் பதவி ரஸ் மக்கின்னனுக்கு. அஞ்சலக ஊழியை கார்லா அங்கே விட்டிருந்தது மேபல் என்ற செம்பழுப்புப் பெட்டைக் குதிரையை. விலாவை எண்ணலாம் என்றிருந்த வறட்சியில் வாங்கி, அந்த உடம்புக்கே அளவெடுத்துச் சேணமும் வாங்கியிருந்தாள். பிறகு மழை பெய்தது, புல் முழங்கால்வரை வளர்ந்தது, மேபலுக்குத் தோள் திரண்டது. சேணத்தைக் கண்டாலே காதை மடக்கிப் பல்லைக் காட்டவும் ஆரம்பித்தது.

"உன்னை ஆழம் பாக்குதும்மா அது," என்றார் ரஸ். "யாரு முதலாளின்னு காட்டு. வயித்து வார இன்னும் ரெண்டு துளை இழு."

இழுத்தாள். மேபல் அவள் தோளைக் கடித்தது.

"பாத்தியா? வஞ்சம் வெச்சிருக்கு. முழியப் பாரு, முழிய!"

கார்லா பார்த்தாள். முழி ஈரமாக இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை. முப்பது வருட அனுபவசாலியிடம் அதை எப்படிச் சொல்வது? தெரிகிறது என்றாள்.

மறுவாரம் மேபல் அவளைக் கீழே தள்ளியது.

"வியாழக்கிழமை சந்தைக்கு ஏத்திடு," என்றார் ரஸ்.

அந்தச் சந்தை ஏலத்தில் ஆளைத் தள்ளும் குதிரைக்குக் கை தூக்குகிறவர் ஒருவர்தான்: நாய்த்தீனி ஆலைக்காரர். கார்லாவுக்கும் அது தெரியும். ஆனாலும் மேபலின் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை, சேணத்தோடு ஒரு மணி நேரம் சுற்றவிட்டால் அடங்கும் என்று ரஸ் உத்தரவிட, அதுவும் நடந்தது. சந்தைக்கு ஏற்றும் முன் லாடம் கழற்ற லாடக்காரி நெரிடா வந்தபோது கார்லா சேணத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். மேபலின் முதுகெல்லாம் வியர்வை. தோளுக்குப் பின்னால் மட்டும், இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்து கிடந்தது. நெரிடா அங்கே கட்டைவிரலால் லேசாக அழுத்தினாள். மேபலின் முன்கால்கள் மடங்கின.

"அடிப்பாவி, வேர்வை கூட வர முடியாத அளவுக்கு நெரிச்சிருக்கே! எப்ப வாங்கின சேணம்?"

"வறட்சியப்ப."

"நீ இளைச்சிருந்தப்ப தச்ச பேன்ட்ட இப்ப மாட்டிக்கிட்டு ஓடிப் பாரேன். நீயும் கடிப்ப."

கார்லா அங்கேயே நின்று சந்தைக்கு போன் செய்து பெயரை நீக்கச் சொன்னாள். பிறகு மேபலின் கழுத்தில் நெற்றியைச் சாய்க்கப் போனாள். மேபல் விலகிக்கொண்டது. அதற்கும் நியாயம் இருக்கிறது.

ரஸ் திருந்தினாரா? நல்லா கேட்டீர்கள். வந்தார், காய்ந்த இடங்களைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்தார்.

"நான் அப்பவே நெனச்சேன். சேணம் வித்தவன் ஃபிராடு. அவன் மூஞ்சிய ஒரு தடவ பாத்தாலே தெரியும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்றுக் காலை பள்ளிக்கூட நேரத்தில் உங்கள் மகள் ஷூ போடமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்து அழுதாளே, "பிடிவாதம், அப்படியே அத்தைய உரிச்சு வெச்சிருக்கா" என்றீர்களே, அந்த ஷூ எப்போது வாங்கியது?