கேரட் சாரின் காய் நகர்த்தல்

இனிமேல் மனைவியிடம் பொய்யே சொல்வதில்லை என்று கேரட் சார் சபதம் எடுத்தார். எடுத்ததற்குக் காரணம் மனசாட்சி இல்லை, ஓர் ஆப்பிள்.

கேரட் சார் என்று அவருக்குப் பெயர் வைத்தது அலுவலகம். பொதுச் சுகாதார ஆய்வு மையத்தில் இருபத்திரண்டு வருஷ உத்தியோகம். ஜனங்களைக் காயும் பழமும் தின்ன வைப்பது எப்படி என்பதுதான் ஆராய்ச்சி. வீடு வீடாகப் போய், "நேற்று எத்தனை கிண்ணம் காய் சாப்பிட்டீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். பேருந்து நிறுத்தச் சுவரொட்டிகளில் பல்லைக் காட்டிச் சிரிக்கிற தக்காளி அவருடைய யோசனைதான். ஆனால் தன் வீட்டில் மனைவி தட்டில் வைத்தால் உண்டு, வைக்காவிட்டால் இல்லை. கத்தி எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

மகளுக்குப் பிரசவம். மனைவி மூன்று மாதத்துக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது ஒரே உத்தரவு.

"தினமும் ரெண்டு காய், ஒரு பழம். தட்டை போட்டோ பிடிச்சு எனக்கு அனுப்பணும். சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், ஞாபகம் இருக்கட்டும்."

முதல் நாள் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். கடையில் நறுக்கி விற்ற பீன்ஸை வாங்கி வேகவைத்து மேசையில் உட்கார்ந்தார். நாலு நாற்காலி. மூன்று காலி. தான் மெல்லுகிற சத்தம் தனக்கே கேட்டது. பாதியில் எழுந்துவிட்டார். மறுநாளிலிருந்து பிஸ்கட்டும் டீயும். அதுவும் அடுப்படியில் நின்றபடியே.

போட்டோ மட்டும் தவறாமல் போனது. ஒரு கேரட், நாலு பீன்ஸ், ஒரு ஆப்பிள். இன்று நீலத் தட்டு, நாளை வெள்ளைத் தட்டு. ஆப்பிள் இன்று இடப்பக்கம், நாளை வலப்பக்கம். ஆராய்ச்சியில்கூட அவர் இத்தனை மூளையைச் செலவழித்ததில்லை.

பதின்மூன்றாம் நாள் மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, அந்த ஆப்பிளுக்கு உடம்பு சரியில்லையா?"

"எந்த ஆப்பிளுக்கு?"

"முதல் நாள் கன்னம் பளபளன்னு இருந்துச்சு. இப்ப சுருக்கம் விழுந்துடுச்சு. மச்சம் மட்டும் அதே இடத்துல இருக்கு."

கேரட் சார் ஆப்பிளைப் பார்த்தார். ஆப்பிள் அவரைப் பார்த்தது.

"நிஜமா என்னதான் சாப்பிடறீங்க?"

"பிஸ்கட்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரி, குழந்தை அழுது, வெச்சிடறேன்" என்றாள். அப்போது எடுத்த சபதம்தான் அது.

மறுநாள் சாயங்காலம் வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டுக்காரர். மனைவியை இழந்து நாலு வருஷம் ஆன ஆஜானுபாகு. இதுவரை தலையசைப்போடு சரி. கையில் ஒரு முட்டைக்கோஸை, பிறந்த குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு நின்றார்.

"சார், டாக்டர் காய் சாப்பிடச் சொல்லிட்டார். இதை எந்தப் பக்கம் வெட்டறதுன்னே எனக்குத் தெரியலை. நீங்க இந்த விஷயத்துல பெரிய புள்ளியாமே?"

கேரட் சாரின் நெஞ்சு ஓரங்குலம் விரிந்தது. "உள்ள வாங்க, உள்ள வாங்க!"

கத்தியைக் கண்டுபிடிக்கவே கால்மணி நேரம் ஆனது. வெட்டினார். பாதி கோஸ் மேசையில், பாதி தரையில். எதிர்வீட்டுக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பாவம், சம்சாரத்தின் நினைப்பு வந்துவிட்டது என்று கேரட் சார் பார்க்காததுபோல இருந்தார்.

"தண்ணியைக் குறைச்சு வெச்சா குழையாம இருக்குமோ? எனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா கேட்டேன்."

"அதைத்தான் நானே சொல்ல வந்தேன்!"

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. அலுவலகத்தில் ஏழு மணிவரை சும்மா உட்கார்ந்திருந்த மனிதர் ஐந்தடித்தால் பையோடு ஓடினார். நாலு நாற்காலியில் இரண்டு நிரம்பின. எதிர்வீட்டுக்காரர் தன் மனைவி கோபம் வந்தால் பாத்திரம் விளக்குவாள் என்று சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு முடிகிற இடத்தில் சற்றுத் தயங்குவார். கேரட் சார் இன்னொரு கரண்டி கீரை வைப்பார். தானும் தின்பதையே கவனிக்கவில்லை. நோட்டில் மட்டும் எழுதினார்: 'எதிர்வீடு: முதல் வாரம் அரைக் கிண்ணம். எட்டாம் வாரம் இரண்டு கிண்ணம். மகத்தான வெற்றி.'

ஒருநாள் எதிர்வீட்டுக்காரர் வரவில்லை. தட்டு இரண்டும் ஆறிக்கொண்டிருந்தன. பொறுக்கமாட்டாமல் போய்க் கதவைத் தட்டினார். காய்ச்சல். போர்த்திப் படுத்திருந்தார்.

"கொஞ்சம் வெந்நீர் வெச்சுத் தர்றீங்களா சார்?"

அடுப்படிக்குப் போன கேரட் சார் அப்படியே நின்றுவிட்டார். சுவரில் ஏழு கத்திகள், உயர வாரியாக. பக்கத்தில் ஒரு படம். வெள்ளைத் தொப்பியில் எதிர்வீட்டுக்காரர். கீழே எழுத்து: 'மருத்துவமனைத் தலைமைச் சமையல்காரருக்கு, முப்பத்தொரு வருஷச் சேவைக்கு நன்றி.'

வெந்நீரோடு திரும்பி வந்தார்.

"கோஸ் வெட்டத் தெரியாதுன்னீங்களே!"

"அது பொய் சார். அவசரத்துக்குன்னு உங்க வீட்டம்மா என் நம்பரை வாங்கி வெச்சிருந்தாங்க. போன் பண்ணிச் சொல்லிக் கொடுத்தாங்க, அப்படியே வந்தேன்." அவர் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆனா நாலு வருஷமா நான் காய் வாங்கலைங்கறது நிஜம். முந்நூறு பேருக்குச் சமைச்ச கை. ஒருத்தனுக்காக அடுப்புப் பத்த வைக்க மனசு வரலை."

தனியாகச் சாப்பிடுகிறவர்கள் காய் பக்கமே போவதில்லை என்று ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதியவரே கேரட் சார்தான். அதைப் பிழை திருத்திக் கொடுத்தவள் மனைவி. அவர் எழுதியதோடு சரி, அவள் படித்திருக்கிறாள்.

கேரட் சார் தன் வீட்டுக்குப் போய், ஆறிய தட்டுகளைச் சூடுபண்ணி எடுத்துவந்து, கட்டிலோரம் உட்கார்ந்து இருவருமாகச் சாப்பிட்டார்கள். பிறகு வீட்டுக்கு வந்து போனை எடுத்தார்.

"ஏம்மா, அவரையே சமைக்கச் சொல்லியிருக்கலாம்ல? மூணு தடவை விரலை வெட்டிக்கிட்டேன்!"

"அவர் சமைச்சிருந்தா நீங்க உக்கார்ந்து தின்னுட்டு, உப்பு கம்மின்னு சொல்லியிருப்பீங்க. முப்பது வருஷமா எனக்குத் தெரியாதா?"

போனுக்குப் பின்னால் குழந்தையின் சத்தம், மகளின் சிரிப்பு, பாத்திரம் உருளும் ஓசை. இந்தப் பக்கம் சுவர்க் கடிகாரம் மட்டும்.

"சரி, போகட்டும்." குரலை இறக்கிக்கொண்டார். "இன்னும் பதினைஞ்சு நாள்ல வந்துடுவே, இல்ல?"

"இன்னும் மூணு மாசம் இருந்துட்டு வரலாம்னு பார்க்கறேங்க. அதான் சமைக்கக் கத்துக்கிட்டீங்களே!"