மணிக்கூட்டாரின் நாற்பத்திரண்டு நிமிடங்கள்

ஜெர்மனியில் உள்ள அத்தனை கடிகாரங்களும் தனக்கு எதிராகக் கூடிப் பேசி வைத்திருக்கின்றன என்று நம்பிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, மணிக்கூட்டார்தான். வுப்பர்டாலில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் இரண்டாம் மாடி. யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயது, ரொட்டித் தொழிற்சாலையில் பகல் வேலை. யாழ்ப்பாணத்தில் கடிகாரத்துக்கு மணிக்கூடு என்று பெயர். அவர் கட்டியிருந்தது இரண்டு: இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. அதனால் அந்தப் பட்டம். உண்மைப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"எதுக்கு அண்ணே ரெண்டு வாட்ச்?" என்று குடிவந்த புதிதில் கேட்டேன்.

"ஒண்டு பொய் சொன்னா மற்றது காட்டிக் குடுக்கும், தம்பி."

"ரெண்டும் சேர்ந்து பொய் சொன்னா?"

இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தபடி போய்விட்டார். மறுநாள் மாலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். "நேற்றுக் கேட்டனீங்கள். ரெண்டும் வேற வேற கடையில வாங்கினது. ஒண்டை ஒண்டு தெரியாது."

கைபேசி காட்டும் நேரத்தை அவர் நேரமாகவே ஏற்கவில்லை. "அது எங்கையோ இருந்து ஆரோ அனுப்பிற நேரம். ஆர் அனுப்பினம்? ஏன் அனுப்பினம்? உங்களுக்குத் தெரியுமோ?" எனக்குத் தெரியாது. எங்கள் தெருப் பேருந்து தொடர்ந்து ஒன்பது நாள் சரியான நேரத்துக்கு வந்தபோது, பத்தாம் நாள் அவர் முகம் இறுகிவிட்டது. "இவ்வளவு சரியா வாறாங்கள் எண்டா, எதையோ மறைக்கிறாங்கள்."

அவருடைய மனைவியிடம் ஒரு தடவை, "எப்படி அக்கா சமாளிக்கிறீங்க?" என்றேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னார்: "கலியாணத்தண்டு ஐயர் சொன்ன முகூர்த்தத்திலயே இவருக்குச் சந்தேகம், தம்பி. ஐயற்றை மணிக்கூடு நாலு நிமிசம் முந்தி ஓடுதெண்டு தாலியைக் கையில வைச்சுக்கொண்டு நிண்டவர். ஐயர் வேர்த்துப் போனார்."

இந்த வீட்டில் பிறந்த ஒரே மகள் அபிரா. பதினேழு வயது. அவள் பனிக்கட்டியின் மேல் ஹாக்கி ஆடினாள். பக்கத்து ஊர்ப் பெண்கள் அணி, பாதுகாப்பு ஆட்டக்காரி. நேரத்தைப் பற்றி இவ்வளவு சந்தேகம் உள்ளவரின் மகள், நேரம் எப்படியெல்லாமோ நடந்துகொள்ளும் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்தது யாருடைய சதியோ!

ஒரு ஞாயிறு மாலை ஆறரை மணி. கதவு தட்டப்பட்டது. கையில் கட்டம் போட்ட தாளோடு மணிக்கூட்டார்.

"தம்பி, நீங்கள் பேப்பரில இருந்தனீங்கள்தானே. இதைப் பாருங்கோ."

மதுரையில் ஒரு நாளிதழில் பதினோரு ஆண்டுகள் உதவி ஆசிரியனாக இருந்தவன் நான். அதனால் எந்தத் தாளையும் சரிபார்க்கத் தகுதி உள்ளவன் என்பது அவர் முடிவு. தாளில் இருந்தது இவ்வளவுதான். ஆட்டம் தொடங்கியது இரண்டு மணி. அபிரா வீட்டுக்கு வந்தது ஆறு ஐந்து. மொத்தம் இருநூற்று நாற்பத்தைந்து நிமிடம். ஆட்டம் அறுபது. உடுப்பு மாற்ற முப்பது. பேருந்து முப்பத்தைந்து. மிச்சம் நூற்றிருபது. அந்த நூற்றிருபதைச் சுற்றிச் சிவப்பு மையில் மூன்று வட்டம்.

"ரெண்டு மணித்தியாலம், தம்பி. எங்க போனது?"

அபிரா படிக்கட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பா, எத்தினை தரம் சொல்லுறது? அறுபது நிமிசம் நெற்றோ. புறூட்டோ ரெண்டேகால் மணித்தியாலம் வரும்."

ஜெர்மனியில் சம்பளம் வாங்கும் எவருக்கும் இந்த இரண்டு சொல்லும் தெரியும். புறூட்டோ, பிடித்தத்துக்கு முந்தைய தொகை. நெற்றோ, கைக்கு வருவது.

"சம்பளம் எண்டா நெற்றோதானே வீட்டுக்கு வருது? நீ மட்டும் ஏன் புறூட்டோவில வீட்டுக்கு வாறாய்?" என்றார் மணிக்கூட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "என்னோட வேலை செய்யிற ஜெர்மன்காரன் சொன்னவன், பெரிய லீக்கில ரெண்டரை மணித்தியாலம் போகுமாம். கடைசிச் சுற்று எண்டா, ரெண்டு பக்கமும் சமமா நிண்டா, ஆராவது கோல் போடுமட்டும் ஆட்டம் முடியாதாம். முடிவில்லாத ஆட்டம்! இதைச் சொல்லிப்போட்டு ஒருத்தி வீட்டை விட்டு வெளிக்கிட்டா, கலியாணம் கட்டிப் பிள்ளையோட திரும்பி வரலாம்."

"அப்பா!"

"கத்தாதை. அந்த ரெண்டு மணித்தியாலத்துக்குக் காரணம் தெரியவேணும். இல்லையெண்டா உன்ர ஐஸ் சப்பாத்தைக் கொண்டுபோய் நிலவறையில வைச்சுப் பூட்டிப்போடுவன். விளையாட்டு முடிஞ்சுது."

அபிராவின் முகத்தில் ரத்தம் வற்றியது. வாதாடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சொன்னது வேறு: "நீங்கள் அங்க வரவேண்டாம், அப்பா. சரியான குளிர். உங்களுக்கு ஏலாது." சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

"பாத்தீங்களோ?" என்றார் மணிக்கூட்டார், குரலைத் தாழ்த்தி.

பார்த்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அவளுக்குச் சொல்லாமல் புறப்பட்டோம். மணிக்கூட்டார் மாறுவேடத்தில் வந்திருந்தார், அதாவது புருவம் வரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பியில். அந்த அரங்கில் அன்றைக்கு மொத்தமே இரண்டு தமிழ் ஆண்கள்தான் என்பதால் வேடத்தின் பயன் எனக்குப் புரியவில்லை. கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மணி பன்னிரண்டே முக்கால். முன்கூட்டியே வந்தால்தான் தடயத்தை அழிக்கமாட்டார்களாம்.

அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்கள் நரைத்த தலைக்காரர்கள். பொழுதுபோக்கு அணி. அரங்கை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தவர்கள் என்பதால் யார் விழுந்தாலும், பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் தட்டு எங்கே பறந்தாலும், கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் விழுந்து, எழுந்து, கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மூன்று நிமிடம் ஓடிவிட்டது. ஒரு மணி அடித்ததும் எல்லாரும் வெளியே. மணிக்கூட்டார் இரண்டு கைகளையும் பார்த்துத் தலையசைத்தார். "இவையள் நேர்மையான ஆக்கள். நிமிசம் எண்டா நிமிசம்."

இரண்டு மணிக்குப் பெண்கள் ஆட்டம் தொடங்கியது. நாற்பத்து மூன்றாவது வினாடியில் நடுவர் விசில் ஊதினார். மணிக்கூட்டார் துள்ளி எழுந்தார்.

"நிண்டுட்டுது! தம்பி, மணிக்கூடு நிண்டுட்டுது!"

மேலே தொங்கிய பெரிய கடிகாரம் நிஜமாகவே நின்றிருந்தது. விசில் ஊதினால் நிறுத்துவார்கள், ஆட்டம் மறுபடி தொடங்கினால்தான் ஓடவிடுவார்கள் என்று எங்களுக்கு முன்னால் இருந்த வரிசையிலிருந்து ஓர் அம்மாள் திரும்பி விளக்கினார். மணிக்கூட்டார் மெல்ல உட்கார்ந்தார். அவர் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். இருந்ததோ பரம திருப்தி. கடிகாரங்களை யாரோ நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறார்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சந்தேகப்பட்ட மனிதருக்கு, அதைப் பட்டப்பகலில், சாட்சிகளோடு, காட்டிவிட்டார்கள்.

"நான் சொன்னனான்தானே," என்றார்.

அதன்பிறகு தலை நிமிரவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார். முதல் இருபது நிமிடம் நடந்து முடிய முப்பத்தேழு நிமிடம். இடைவேளை பதினைந்து, அதற்குள் ஒரு பெரிய வண்டி வந்து பனியைச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, மினுக்கிவிட்டுப் போனது. அடுத்த இருபது, முப்பத்தாறு. மறுபடி பதினைந்து. கடைசி இருபது, முப்பத்தைந்து. இரண்டாவது பகுதியில் அபிரா ஒரு கோல் போட்டாள். பாதுகாப்பு ஆட்டக்காரிக்கு அது அபூர்வம். அரங்கமே தடுப்பைத் தட்டி ஆரவாரித்தது. அவள் அப்பா பார்க்கவில்லை. கோல் விழுந்த பிறகு ஆட்டம் தொடங்க ஐம்பத்தொரு வினாடி ஆனது என்பதை மட்டும் குறித்துக்கொண்டார்.

நாலு பதினெட்டுக்கு ஆட்டம் முடிந்தது. மொத்தம் நூற்று முப்பத்தெட்டு நிமிடம்.

"அண்ணே, அபிரா சொன்னது சரிதான்," என்றேன், கொஞ்சம் நிம்மதியாக.

"பொறுங்கோ." கட்டத் தாளை எடுத்தார். கூட்டினார், கழித்தார். "ஆட்டம் நூற்று முப்பத்தெட்டு. உடுப்பு முப்பது. பஸ் முப்பத்தைஞ்சு. எல்லாம் போக இன்னும் நாற்பத்திரண்டு நிமிசம் கிடக்குது. இனித்தான் விசயமே. பாருங்கோ."

பார்த்தோம். மற்றப் பெண்கள் உடை மாற்றும் அறைக்குப் போனார்கள். அபிரா போகவில்லை. பனிச்சறுக்குக் காலணியை மட்டும் கழற்றிவிட்டுத் தடுப்பருகே நின்றாள். ஆறடி உயரத்தில், பொன்னிறத் தாடியோடு ஓர் இளைஞன் வந்தான். ஏதோ சொன்னான். அபிரா சிரித்தாள். இருவரும் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள்.

மணிக்கூட்டாரின் விரல்கள் என் முழங்கையில் இறங்கின. அடையாளம் மூன்று நாள் இருந்தது.

"வாங்கோ," என்றார்.

கதவை அவர்தான் தள்ளினார். உள்ளே ஒரு கண்ணாடி அறை, ஒரு நீண்ட மேசை, அதன்மேல் பொத்தான்கள் உள்ள ஒரு பெட்டி. இளைஞன் அதற்குள் மறுபக்கக் கதவால் பனிக்கு இறங்கிவிட்டிருந்தான். அங்கே தலைக்கவசமே உடம்பில் பாதியாக இருந்த ஏழெட்டு வயதுக் குழந்தைகள் அவனைச் சூழ்ந்துகொண்டு குதித்தன. அவர்களுடைய பயிற்சியாளன். அபிரா, தோளில் ஒரு போர்வையோடு, பெட்டியின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா?"

பதில் சொல்லவிடாமல் பின்னால் ஒரு குரல். அரங்கில் எங்களுக்கு விளக்கம் சொன்ன அதே அம்மாள், விளையாட்டுக் கழகத்தின் பொறுப்பாளராம். ஜெர்மனில் உற்சாகமாகச் சொன்னார்: "ஓ, நீங்கள்தான் அபிராவின் அப்பாவா! கடைசியில் வந்துவிட்டீர்களே. உங்கள் முதுகு இப்போது எப்படி இருக்கிறது?"

மணிக்கூட்டாருக்கு முதுகில் ஒரு குறையும் கிடையாது. அரிசி மூட்டைகளை மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தூக்கிவருபவர்.

அந்த அம்மாள் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைக் காட்டினார். ஒவ்வொரு ஆட்டக்காரியின் வீட்டிலிருந்தும் ஒருவர் முறை வைத்துக் குழந்தைகள் ஆட்டத்துக்கு நேரம் பார்க்க வரவேண்டும். முறை தவறினால் பிள்ளை அடுத்த ஆட்டத்தில் இறங்க முடியாது. அதுதான் கழக வழக்கம். வேலை நேரமும் கார் வசதியும் காரணமாகச் சில வீட்டார் முறைகளை மாற்றிக்கொண்டதில், குளிர்கால முறைகள் எல்லாம் ஒரே பெயரில் வந்து சேர்ந்திருந்தன. அந்தப் பெயரை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். மணிக்கூட்டாரின் முழுப் பெயர். அதற்கு நேரே, வாரா வாரம், அபிராவின் கையெழுத்து.

"பாவம், நீண்ட நேரம் உட்கார முடியாதாமே உங்களுக்கு. அதுதான் இவளே உங்களுக்குப் பதில் செய்கிறாள்," என்றார் அம்மாள்.

அபிரா தரையைப் பார்த்தாள். தமிழில், மெல்ல: "நீங்கள் வந்தா மணிக்கூடு நிக்குதெண்டு எல்லாரோடையும் சண்டை பிடிப்பீங்கள் எண்டு பயம், அப்பா. அதுதான் நாரி நோ, முதுகு வளைக்க ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

ஆக, பொய் ஒன்று இருக்கத்தான் செய்தது. மணிக்கூட்டார் அதைக் கண்டுபிடித்தும்விட்டார். என்ன செய்யப்போகிறார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலு நிமிடத்துக்காக ஐயரை வேர்க்கவைத்த மனிதர். அவர் மகளைப் பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். பிறகு வலது கையை மெதுவாகப் பின்னால் கொண்டுபோய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, லேசாகக் குனிந்தார்.

"இப்போது கொஞ்சம் பரவாயில்லை," என்றார் ஜெர்மனில். "மழை நாளில்தான் குத்தும்."

அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது. கூடவே ஒரு முனகலும் சேர்த்துக்கொண்டார்.

அந்த அம்மாள் போனதும் நிமிர்ந்தார். "தள்ளி இரு," என்றார் மகளிடம். "எது நிப்பாட்டிற பட்டன்?"

"சின்னப் பிள்ளையளின்ரை ஆட்டத்தில நிப்பாட்டிறேல்லை, அப்பா. ஒவ்வொரு நிமிசமும் இந்தப் பட்டனை அமத்திச் சங்கு மட்டும் ஊதவேணும். அதைக் கேட்டுத்தான் ஆக்கள் மாறுவினம்."

குழந்தைகள் இறங்குமுன்பே வண்டி பனியை மினுக்கி முடித்திருந்தது. அதற்குப் பன்னிரண்டு நிமிடம். குழந்தைகள் ஆட்டம் முப்பது நிமிடம். நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். கூட்டவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவர் கட்டத் தாளை எடுத்து நாலாக மடித்து, சட்டைப் பையில் போட்டுவிட்டார்.

நிலவறைப் பேச்சு அதோடு போயிற்று. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் பெண்கள் ஆட்டத்துக்கும் அவர்தான் நேரம் பார்த்தார். எதிரணிப் பயிற்சியாளர்கள் வந்து, ஆட்டக்காரியின் அப்பா கையிலா கடிகாரம் என்று சந்தேகமாக முறைப்பார்களாம். "பாக்கட்டும். சந்தேகப்படுறது நல்ல பழக்கம்," என்பார். ஒரு தடவை என்னிடம், ஏதோ ரகசியம்போல, சொன்னார்: "தம்பி, இந்த வேலையில மணிக்கூட்டைப் பாக்கக் கூடாது. ஐஸைத்தான் பாக்கவேணும். கண்ணை எடுத்தா விசிலைத் தவற விட்டுடுவம். பிள்ளை என்னமா ஓடுறாள் தெரியுமோ?"

என் மனைவியின் வேலை மாறியதால் நாங்கள் இப்போது டார்ம்ஸ்டாட்டில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என் கைபேசிக்கு ஒரு செய்தி வரும். "தொடக்கம் 14.01. முடிவு 16.20. பிள்ளை ஒரு கோல்." முடிவுகளைக் கழகத்தின் இணையப் பக்கத்தில் அன்றே போட்டுவிடுவார்கள். எதையும் இரண்டு இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்பவேண்டும் என்பது செய்தித்தாளில் நான் கற்ற முதல் பாடம். மணிக்கூட்டார் அனுப்பும் செய்தியை நான் இதுவரை ஒரு தடவைகூடச் சரிபார்த்ததில்லை.