வியாழக்கிழமைப் பேச்சுக்கு ஆள் வேண்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். என்னைத் தவிர எல்லோரும் நலம். ஒரு வரி எழுதுவதும், எழுந்து வராந்தாவில் நடப்பதும், மறுபடி வந்து உட்காருவதுமாக இருக்கிறேன்.

எங்கள் பல்கலைக்கழகத்தில் வியாழன்தோறும் சாப்பாட்டு இடைவேளையில் பெண்கள் பிரச்சினை பற்றிப் பேச்சு நடத்தவேண்டும் என்று உத்தரவு வந்து, அந்தப் பொறுப்பு புள்ளியியல் பாடம் எடுக்கும் என் தலையில் விழுந்தது. "பெண்கள் யாராவது நடத்தினா நல்லாயிருக்குமே சார்" என்று துறைத்தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன். "அவங்களுக்கெல்லாம் வேலை இருக்குய்யா. சும்மா இருக்கறது நீதான்" என்று முடித்துவிட்டார். முதல் வாரம் 'வீடும் வேலையும்: இரட்டைச் சுமை' என்று தலைப்பு. பேசவேண்டிய பொருளியல் பேராசிரியை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று தன் கட்டுரையைக் கணவரிடம் கொடுத்தனுப்பினார். அவர் நன்றாகத்தான் வாசித்தார். 'ஆண்களுக்கு வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது' என்ற வரி வந்ததும் நிறுத்தி, "இது பொதுவா சொன்னது, எனக்குத் தெரியும்" என்றார். எங்கே என்று ஒருவர் கேட்க, அவர் யோசிக்க, மணி அடித்துவிட்டது. இரண்டாவது வாரம் ஒரு பெண் வழக்கறிஞர் வெகுதூரத்திலிருந்து வந்தார். எதிரே நானும், மின்விசிறிக்காக வந்த இரண்டு ஆராய்ச்சி மாணவர்களும். "பெண்கள் எங்கே?" என்றார். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று வெளியே ஓடிவிட்டேன்.

ஓடினவன் நேராகத் தேர்வுப் பிரிவுக்குப் போய், பெண் ஊழியர்கள் எல்லோரும் யார் பேச்சைக் கேட்பார்களோ அந்த மேற்பார்வையாளர் அம்மாவிடம், ஏன் ஒருவரும் வரவில்லை என்று நியாயம் கேட்டேன். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "சார், விடியறதுக்கு முன்னாடி எழுந்ததுல இருந்து படுக்கற வரைக்கும், யாரும் எங்ககிட்ட எதையும் கேக்காத நேரம் இது ஒண்ணுதான். அதையும் புடுங்கிக்கிட்டு, எங்க பிரச்சினைய எங்களுக்கே விளக்கப் போறீங்களா?" "அப்ப என்னதான் வேணும்?" என்றேன். "அறையைக் குடுங்க. கதவைச் சாத்துங்க. நீங்க வெளிய நில்லுங்க."

நின்றேன் அக்கா. மூன்றாவது வாரம் அறை நிரம்பி வழிந்தது. கொஞ்ச நேரம் சிரிப்பு. பிறகு சத்தமே இல்லை. நாற்காலிகளை ஒட்டிப் போட்டும் தரையில் விரித்தும் எல்லோரும் படுத்துவிட்டார்கள். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தால், நூலகத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரியும் செருப்பைக் கழற்றிப்போட்டு, வாய் லேசாகத் திறந்தபடி தூங்குகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, நகரவும் மனசில்லை. அந்த நேரம் பார்த்துத் துறைத்தலைவர் வந்து சேர்ந்தார். "என்னய்யா, சத்தத்தையே காணோம்?" "ஆழ்ந்த சிந்தனை சார்." உள்ளே ஒரு குறட்டை கேட்டது. "அது என்ன?" "ஆவணப்படம் சார்."

அவருக்குப் பரம திருப்தி. நேரே போய், புதிதாக வந்திருக்கும் துணைவேந்தர் அம்மாவிடம் புகழ்ந்து தள்ளிவிட்டார். அந்த அம்மா சிரித்து யாரும் பார்த்ததில்லை. அடுத்த வியாழனுக்கு அடுத்த வியாழன் அவரே வந்து முன்வரிசையில் உட்காரப் போகிறாராம். விஷயம் வெளியே வந்தால் என் வேலை ஒரு பக்கம் போகட்டும், அந்த அறை போய்விடும். அதனால் நீ வந்து பேசவேண்டும். மைக் இல்லாமல் ஒரு பள்ளிக்கூட மைதானத்தையே அடக்கிய தலைமையாசிரியை நீ. தலைப்பு எதுவானாலும் சரி, மணி அடிக்கும்வரை நிறுத்தாதே. முடியாது என்று மட்டும் சொல்லிவிடாதே.

அத்தானுக்கு வணக்கம். பிள்ளைகள் நீடூழி வாழட்டும். என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பதைப்புடன்,
உன் தம்பி

பின்குறிப்பு: பதற்றத்தில் இதைத் தபாலில் போடவே மறந்துவிட்டேன். இன்று வியாழன். துணைவேந்தர் அம்மா ஒரு வாரம் முன்னதாகவே வந்து நின்றுவிட்டார். "விலகுங்க" என்றார். விலகினேன். உள்ளே போனார், கதவு மூடியது. ராஜினாமாவை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். மணி அடித்ததும் ஒவ்வொருவராக முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். கடைசியாக அந்த அம்மா, கன்னத்தில் கைப்பையின் தடம் பதிந்திருக்க. "அடுத்த வாரம் யார் பேசறாங்க?" "என் அக்கா, மேடம்." "பேசியே ஆகணுமா அவங்க?" என்று கவலையோடு கேட்டார். ஆகவே அக்கா, பேச்சு எதுவும் தயார் செய்யாதே. வரும்போது தலையணை கொண்டுவா, இங்கே பற்றாக்குறை.