குழி ரோட்டு வெண்ணெய்

பானையில் தயிர் இருந்தது, மத்து இருந்தது, கயிறும் இருந்தது. கடையத்தான் ஆள் இல்லை. பஹ்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பக்கத்து ஊட்டு ஸும்றாவக் கூப்பிடவா?" என்று கணவனிடம் கேட்டாள்.

ஜவ்பர் ஒன்றும் பேசாமல் ஓட்டோவை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். குறிஞ்சிப்பிட்டியில் காலையில் ஹயருக்கு ஓட்டோ தேடும் ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த மனிதனுக்கு வாய் சும்மா இருக்காது.

"இதுக்கு ஒரு ஆளா? கயித்த நாலு இழுப்பு இழுத்தா வெண்ணெ வந்துட்டுப் போகுது. பொம்பிளைங்க கதைச்சிக் கதைச்சிச் செய்றதாலதான் இதெல்லாம் பெரிய வேலை மாதிரித் தெரியிது."

பஹ்மா அவனை நிதானமாகப் பார்த்தாள். "அப்ப என்ட கை சொகமாகும் மட்டும் நீங்களே கடைங்க. ஏலாமப் போனா, உம்மாட முன்னால வந்து, பொம்பிளைங்கட வேலை லேசில்ல எண்டு உங்கட வாயாலயே சொல்லோணும்."

உம்மா என்றால் பஹ்மாவின் உம்மா சித்தி லெய்லா, கண்டக்குழியில் இருக்கும் மாமி. கலியாணம் முடித்த நாளிலிருந்து ஜவ்பர் மாமியிடம் எதிலும் தோற்றதில்லை. தோற்ற இடங்களிலும் அதை ஒத்துக்கொண்டதில்லை. மாமியின் முன்னால் நின்று அப்படியொரு வார்த்தை சொல்வதைவிட, ஓட்டோவைக் களப்புத் தண்ணீருக்குள் இறக்கிவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

"சரி, கடைஞ்சு காட்டுறேன்" என்றான்.

அன்றைக்குக் கடைந்தான். இடுப்பு நாரி பிடித்துக்கொண்டது. தோள் இரண்டும் யாருடையவோ மாதிரி ஆகிவிட்டன. இவ்வளவுக்கும் பிறகு பானை விளிம்பில் கடலைப் பருமனில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத்தான் வெண்ணெய் என்று சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் காலை நேரே கராஜ் வைத்திருக்கும் கூட்டாளி றஸ்மியிடம் போய் நின்றான்.

"மச்சான், மத்தத் தன்னால ஆட்டுறதுக்கு ஒரு வழி செஞ்சு தா. ஊட்டுல வெச்சுச் செய்யேலா, அவளுக்குத் தெரிஞ்சுடும்."

றஸ்மி ஓட்டோவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். குனிந்து பின் சக்கரச் சில்லைத் தாங்கும் இரும்பைத் தட்டினான்.

"குழியில விழக்குள்ள இது மேலயும் கீழயும் போகுதில்ல? இதுல ஒரு கம்பியப் பொருத்தி, பின் சீட்டுக்குப் பொறத்தால ஒரு வாளிக்குள்ள இறக்கி விடுவோம். ரோட்டே கடைஞ்சு தரும்."

கம்பியின் நுனியில் ஓட்டை போட்ட தட்டு ஒன்றும் வைத்து, வாளிக்கு இறுக்கமான மூடியும் போட்டுக் கொடுத்தான். எல்லாம் பின்னால் சாமான் வைக்கும் இடத்துக்குள் அடங்கிப் போனது. வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"தயிர என்னத்துக்கு ஓட்டோவுல கொண்டு போறீங்க?" என்று பஹ்மா கேட்டாள்.

"ஹயருக்குக் காத்துக்கொண்டு நிக்கிற நேரம் சும்மாதானே. மர நிழல்ல குந்திக்கொண்டு கையால கடைவேன்."

குறிஞ்சிப்பிட்டியிலிருந்து கண்டக்குழிக்குப் போகும் உள்ரோட்டில் குழிக்குப் பஞ்சமில்லை. அதுவரைக்கும் குழியை விலத்தி ஓட்டுவதில் ஜவ்பரை அடிக்க ஆளில்லை. கிழமைக்கொரு முறை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகும் மாமி, பின் சீட்டில் நிம்மதியாக நித்திரை கொண்டு போவார். இப்போது அவன் ஒரு குழியைக்கூட விடவில்லை. இந்தப் பக்கக் குழியில் இறக்கி, அந்தப் பக்கக் குழியில் ஏற்றினான். பின்னால் வாளிக்குள் 'சளக், சளக்' என்று சத்தம் கேட்கக் கேட்க அவனுக்கு மனசு குளிர்ந்தது. மாமி முன் சீட்டுக்குப் பின்னாலிருந்த பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தெரிந்த துஆவெல்லாம் ஓதினார்.

"ரோட்டு நல்லாப் பழுதாகிட்டுது போல மகன்?" என்றார் ஒரு நாள்.

"என்ன செய்ற மாமி, எங்கட தலையெழுத்து" என்றான் ஜவ்பர்.

பின்னேரம் மூடியைத் திறந்தால், மேலே வெள்ளைப் பந்தாக வெண்ணெய் மிதந்தது. பஹ்மா விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். கொஞ்சத்தை மாமிக்கு அனுப்பினாள். மாமியும் ருசி பார்த்துவிட்டு, மருமகனின் கைக்கு ஒரு தனி மணம் இருக்கிறதென்று சொல்லி அனுப்பினார். ஜவ்பர் அதைக் கேட்டுவிட்டு, தோளைத் தடவிக்கொண்டே உலாவினான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பஹ்மா பெருமை தாங்காமல் சொந்தக்காரர்களின் முன்னால் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டாள். "தம்பி அஸ்ஹான்ட கலியாணத்துக்கு நெய்ச்சோறு ஆக்க நெய் முழுக்க எங்கட ஊட்டால. எல்லாம் எங்கட மனிசன் கையால கடைஞ்ச நெய்."

அடுத்த கிழமை ரோட்டுக்குத் தார்க் காபட் போட ஆரம்பித்தார்கள்.

ஊரே சந்தோஷப்பட்டது. பிள்ளைகள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஜவ்பர் மட்டும் வீதியோரத்தில் நின்று, ரோலர் போவதை மையத்து தூக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஓட்டோ புது ரோட்டில் வழுக்கிக்கொண்டு போனது. வாளி வாயே திறக்கவில்லை. பின்னேரம் மூடியைத் திறந்தபோது, காலையில் ஊற்றிய தயிர் அப்படியே இருந்தது.

முதலில் அவன் ரோட்டை விட்டு இறங்கி, ஓரத்துக் கல்லின் மேல் ஓட்டிப் பார்த்தான்.

"நடுவுல இவ்வளவு நல்ல ரோட்டு இரிக்கு, நீங்க என்ன ஓரத்தால இழுத்துக்கொண்டு போறீங்க?" என்று ஏறியவர்களெல்லாம் கேட்டார்கள். கேட்டவர்கள் மறுநாள் வேறு ஓட்டோவில் ஏறினார்கள். ஹயரும் போனது, வெண்ணெயும் இல்லை.

அப்போதுதான் பள்ளிக்கூடத்து வாசலில் புதிதாகப் போட்ட வேகத்தடைகள் அவன் கண்ணில் பட்டன. ஏறி இறங்கினான். 'சளக்' என்றது. திருப்பிக்கொண்டு வந்து மறுபடியும் ஏறி இறங்கினான். இப்படி முற்பகல் முழுக்கப் போய் வந்தான். வாசல் காவலாளி முதலில் சிரித்தார், பிறகு முறைத்தார், பிறகு டெலிபோனை எடுத்தார். மோட்டார் சைக்கிளில் ஒரு பொலிஸ்காரர் வந்து இறங்கினார்.

"என்ன தம்பி, ஸ்கூலச் சுத்திச் சுத்தி என்ன செய்ற?"

ஜவ்பர் பின்னால் போய் வாளியைத் திறந்து காட்டினான். பொலிஸ்காரர் குனிந்து பார்த்தார், மணந்து பார்த்தார், கம்பியை ஆட்டிப் பார்த்தார். கடைசியில் விசயம் விளங்கியது.

"வீட்டுல பிளெண்டர் ஒண்டு இல்லையா?"

"இரிக்கு சேர். பொஞ்சாதியும் இரிக்கு."

பொலிஸ்காரருக்கும் வீட்டில் மனைவி இருந்திருக்க வேண்டும். "போ, போ. இனி இந்தப் பக்கம் காணக் கூடாது" என்று தணிந்த குரலில் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஜவ்பர் மறுபடியும் கராஜில் போய் நின்றான். "குழி இல்லாட்டிப் பரவாயில்ல மச்சான், சில்லு சுத்துதுதானே" என்றான் றஸ்மி. கம்பியைக் கழற்றி, சுற்றுகிற சில்லோடு சேர்த்துப் பூட்டிவிட்டான். மெதுவாகப் போகும் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நிகாஹ் வீடொன்றுக்கு நேரம் பிந்திப் போன ஒருவர், "கொஞ்சம் கெதியாப் போங்க" என்றார். ஜவ்பர் கெதியாகப் போனான். தட்டும் கெதியாகச் சுற்றியது. மூடி தெறித்துப் பறந்தது. கறுப்புக் கோட்டும் அத்தர் மணமுமாக ஏறிய மனிதர், தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் தயிரோடு இறங்கினார்.

அவர் நிகாஹ் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பஹ்மாவிடம்தான் போனார்.

ஜவ்பர் வீட்டுக்கு வந்து ஓட்டோவை நிறுத்தியதும், பஹ்மா போய் அதன் பின்பக்கத்தைத் திறந்தாள். வாளியைப் பார்த்தாள், கம்பியைப் பார்த்தாள், அது போய்ச் சேரும் சில்லைப் பார்த்தாள்.

"இதுதான் அந்த மர நிழலா?"

ஜவ்பர் தயிர் வழிந்த சீட்டைத் துடைக்கத் தொடங்கினான்.

"அஸ்ஹான்ட கலியாணத்துக்கு நெய் கடையில வாங்குவோம். சபையில வாக்குக் குடுத்த எனக்கும் வெக்கம்தான், அத நான் பார்த்துக்கொள்றேன். இப்ப ஓட்டோவ எடுங்க, உம்மா ஊட்டுக்குப் போவோம்."

கண்டக்குழி வரைக்கும் ரோட்டு வழுவழுவென்று இருந்தது. பஹ்மா பின் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்து, காற்று வாங்கிக்கொண்டு வந்தாள். ஜவ்பருக்கு அந்த ரோட்டின் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. இன்னும் ஒரு மாதம் பிந்திப் போட்டிருந்தால் பஹ்மாவின் கையும் சுகமாகியிருக்கும், அவன் மானமும் தப்பியிருக்கும். இத்தனை காலம் கிடந்த ரோட்டுக்கு இப்போது என்ன அவசரம் வந்தது என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே ஓட்டினான்.

மாமி குசினி வாசலில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மருமகனைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

"வாங்க மகன். என்ன, முகம் வாடிப்போய் இரிக்கு?"

ஜவ்பர் பஹ்மாவைப் பார்த்தான். அவள் வீட்டு முகட்டைப் பார்த்தாள்.

"மாமி, ஒரு விசயம் சொல்லோணும்." அவனுக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. "பொம்பிளைங்கட வேலை லேசில்ல மாமி. நான்தான் வாய்க்கு வந்தபடி கதைச்சிட்டேன்."

மாமிக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் கையை வாளித் தண்ணீரில் அலசித் துடைத்துக்கொண்டு, கிட்ட வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கட வேலை மட்டும் லேசா மகன்? ஒரு குழி விடாம விழுந்து விழுந்து நீங்க ஓட்டுறதப் பார்த்து மனசு கேக்காமத்தான், பிரதேச சபைச் சேர்மன்ட உம்மாட காலப் புடிக்காத குறையா அழுது, இந்த ரோட்டுக்கு நான் காபட் போட வெச்சேன்."