எட்டாம் நம்பருக்கு வைத்த கிரீஸ்

இல்லாத ஒரு பொருளுக்கு ஆறு மாதம் தொடர்ந்து கிரீஸ் வைத்தவள் நான். இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு எப்படி என்று கேட்பார்கள். ரொம்பச் சுலபம். ஒரு பேனா இருந்தால் போதும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சிவில் டிப்ளமோ முடித்திருந்தேன். திருவொற்றியூரில் ஒரு பெரிய கிடங்கில் கட்டடப் பராமரிப்புக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். துறைமுகத்துக்குப் போகிற சரக்கெல்லாம் கப்பலுக்காகக் காத்திருக்கும் தகரக் கூரைக் கிடங்கு அது. மேலாளர் தாமோதரன் என் சான்றிதழ்களை ஒரு முறையும் என்னை ஒரு முறையும் பார்த்தார்.

“மாசா மாசம் கூரை மேல ஏறிப் பாக்கணும்மா. முப்பது அடி ஏணி. லேடீஸுக்குச் சரிப்படாது.”

எனக்குச் சுர்ரென்று வந்தது. “ஏறுறது ஆம்பளையா பொம்பளையான்னு ஏணி கேக்குமா சார்? நான் எம்.கே.பி. நகர்ல மூணாவது மாடியில பொறந்து வளர்ந்தவ. உயரமெல்லாம் எனக்குப் பழக்கம்” என்றேன். (அந்த மூன்றாவது மாடிக்கு மாடிப்படி இருந்தது, இடுப்பளவு சுவர் இருந்தது. இதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.) அவர் வேலை கொடுத்துவிட்டார். அம்மா இந்த வசனத்தை எங்கள் பிளாக் முழுக்கப் பரப்பினாள். தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துவிட்டு நிற்கும்போதுகூட, “ஏணி கேக்குமான்னு கேட்டுக்கீது எம் பொண்ணு, மேனேஜரு கப்சிப்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சேர்ந்த முதல் வாரமே ஏணியில் ஏறினேன். சுவரோடு செங்குத்தாகப் பொருத்திய இரும்பு ஏணி, சுற்றிலும் வளையக் கூண்டு. பதினோராவது படியில் கீழே பார்த்தேன். சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றோடு சேர்ந்து ஏணியும் கிளம்பிப் போவதுபோல் இருந்தது. அதற்குமேல் ஒரு படிகூட ஏறவில்லை. எப்படியோ இறங்கி வந்து, கீழே நின்றவர்களிடம் “போன் வந்துச்சு” என்றேன். போன் என் மேசைமேல் இருந்தது.

அன்றே “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று சொல்லியிருக்கலாம். பயம் பெரிய குற்றமில்லை, பழகினால் போகும். ஆனால் ஏணி வசனம் பேசி வாங்கிய வேலையாயிற்றே. சொல்லவில்லை.

மாதம் ஒரு முறை கூரை ஆய்வுப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். அதில் காத்தாடிகளுக்கு எட்டு வரிசை. காத்தாடி என்றால் கூரைமேல் காற்றில் தானாகச் சுற்றி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே இழுக்கிற அலுமினிய உருண்டை. பார்க்கப் பெரிய பூண்டு மாதிரி இருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் எட்டுக்கும் டிக் போட்டிருந்தார். நானும் எட்டுக்கும் டிக் போட்டேன். கிடங்குக்குள் நின்று அண்ணாந்து பார்த்து, வெளிச்சம் வருகிற வட்டங்களை எண்ணியிருந்தாலே உண்மை தெரிந்திருக்கும். எண்ணவில்லை.

மூன்று மாதம் கழித்து தாமோதரன் சார் கூப்பிட்டார். “எல்லா மாசமும் ஒரே மாதிரி டிக். கொஞ்சம் விவரமா எழுதுங்கம்மா.” விவரம்தானே, எழுதிவிட்டால் போயிற்று. மூன்றாம் நம்பரில் லேசான சத்தம். ஐந்தாம் நம்பரில் காக்கை கூடு கட்ட முயற்சி, அகற்றப்பட்டது. எட்டாம் நம்பருக்கு கிரீஸ் வைக்கப்பட்டது, நன்றாகச் சுற்றுகிறது. படித்துப் பார்த்தபோது எனக்கே என் உழைப்பின் மேல் மரியாதை வந்தது. அடுத்த மாதங்களில் சத்தமும் காக்கையும் இடம் மாறின. எட்டாம் நம்பர் கிரீஸ் மட்டும் மாறவில்லை.

உண்மையில் கூரைமேல் ஏறியவர் அந்தோணி அண்ணன் ஒருவர்தான். ராயபுரத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், ஒப்பந்த ஆள். கேட் பாஸ் இருந்தால்தான் எங்கள் கிடங்குக்குள் அவரால் வர முடியும். கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் தகரக் கால்வாயை மாதாமாதம் சுத்தம் செய்வார். என்னை மேடம் என்றும் கூப்பிடுவார், வா போ என்றும் பேசுவார். (எங்கள் பக்கத்தில் இரண்டும் சண்டையில்லாமல் ஒரே வீட்டில் குடியிருக்கும்.) மழைக்காலத்துக்கு முந்தின மாதம், வேலை முடிந்து இறங்கி வந்தவர் என் மேசை அருகில் நின்றார்.

“மேடம், கடைசில தகரம் போட்டு மூடிக்கீது பாரு, அந்த எடம். நட்டெல்லாம் துரு புடிச்சி ஆடிகினு கீது. மழைக்கு முன்னாடி ஒரு தபா மேல வந்து பாரு.”

“பாத்துட்டேண்ணா. எழுதியும் வெச்சிட்டேன்.”

“எப்போ பாத்த?”

“நீங்க சாப்பிடப் போனப்ப.”

அவர் கையில் ஒட்டியிருந்த துருவைத் தட்டினார். “சரி மேடம்” என்று கைகழுவப் போய்விட்டார். எந்த இடம், எந்தத் தகரம் என்று கேட்டிருந்தால் நான் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை.

அடுத்த மாதப் படிவத்தையும் வழக்கம்போல் எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டாம் நாள் காற்றும் மழையும் சேர்ந்து அடித்தது. காலையில் வந்து பார்த்தால் கிடங்கின் கடைசியில் ஏற்றுமதிக்கு வைத்திருந்த செருப்புப் பெட்டிகள் ஊறிப்போய்க் கிடந்தன. எலக்ட்ரீஷியனை மேலே ஏற்றினார்கள். அவர் அங்கிருந்து கத்தினார்: “சார், எட்டாவது காத்தாடி இல்ல சார். ஓட்டைதான் கீது.”

தாமோதரன் சார் என் படிவத்தை எடுத்து வந்தார். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் கிரீஸ் வைக்கப்பட்ட, நன்றாகச் சுற்றுகிற எட்டாம் நம்பர். அதற்குப் பிறகு கூரைமேல் போனது அந்தோணி அண்ணன் மட்டும். காத்தாடியோ அலுமினியம். காயலான் கடையில் போடலாம். அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“சார், அங்க காத்தாடியே கெடையாது. எப்பவோ புயல்ல பிச்சிகினு போய்ச்சி. தகரம் போட்டு மூடி வெச்சிருந்தாங்க. அதான் இப்ப பறந்துகீது” என்றார் அந்தோணி அண்ணன்.

“கெடையாதா? மேடம் கிரீஸ் வெச்சிருக்காங்கப்பா. எழுத்துல இருக்கு.” தாமோதரன் சார் என் பக்கம் திரும்பினார். “நீங்க பாத்தீங்கல்லம்மா?”

அந்தோணி அண்ணனும் என்னைப் பார்த்தார். இப்போது எழுதும்போதுகூட இந்த இடத்தில் எனக்குக் காது சூடாகிறது. நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டு, “பாத்தேன் சார்” என்றேன்.

அவருடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து விசாரிக்கும்வரை உள்ளே வரக்கூடாது என்றார்கள். அவர் வீட்டில் உட்காரவில்லை. மூன்று நாளும் காலை எட்டு மணிக்குச் சாப்பாட்டுப் பையோடு வந்து கேட்டுக்கு எதிரே நின்றார். நான் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலே மேசைவரை நடந்தேன். மூன்றாம் நாள் வாட்ச்மேன், “இன்னா மேடம், உள்ளாற கூட மண்டைய காப்பாத்திகினு போற?” என்று கேட்டார். வீட்டில் அம்மாவிடம் தலைவலி என்று சொல்லிச் சீக்கிரம் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஒரு மனுஷன்மேல் திருட்டுப் பட்டம், அதுவும் உலகத்தில் இல்லாத பொருளைத் திருடினதாக. அதை எழுதினது என் கை.

மறுநாள் போய் உண்மையைச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சொல்லவில்லை. மாட்டிக்கொண்டேன்.

நான்காம் நாள் தலைமை அலுவலகப் பொறியாளர் வந்தார். ஒல்லியான, மெல்லிய குரல்காரர். “நீங்கதானே மாசாமாசம் பாக்கறீங்க? வாங்கம்மா, இடத்தைக் காட்டுங்க” என்று பாதுகாப்பு பெல்ட்டை என்னிடம் நீட்டினார். மாட்டேன் என்றால் அங்கேயே குட்டு உடைந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். பதினோராவது படியைத் தாண்டியது எனக்குத் தெரியாது. கூரை வந்ததும் தவழ்ந்தேன். முதலில் கைக்குக் கிடைத்த காத்தாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். நான் பிடித்த பிடியில் அது நின்றுவிட்டது. கூரையில் நான் செய்த முதல் பராமரிப்பு வேலை, ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்தியது.

பொறியாளர் ஓட்டையைப் பார்த்தார். விளிம்பெல்லாம் காய்ந்துபோன பழைய தார், வருஷக்கணக்கான துரு. கால்வாய்க்குள் மடங்கிக் கிடந்த தகரத்தையும் அவரே கண்டுபிடித்தார். பிறகு என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“கிரீஸ் எங்கம்மா வெச்சீங்க?”

“பேரிங்ல சார்.”

“இது சீல் பண்ண பேரிங்மா. கிரீஸ் வைக்க இதுல இடமே கிடையாதே. மத்த ஏழுக்கும் எப்படி வெச்சீங்க?”

“அதுக்கெல்லாம் வெக்கல சார். எட்டாவதுக்கு மட்டுந்தான்.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. “சரி, இறங்கலாம்” என்றார். அங்கேதான் அடுத்த சிக்கல். என்னால் காத்தாடியை விட முடியவில்லை. அரை மணி நேரம் பேசிப் பார்த்தார். கீழே கிடங்கு முழுவதும் கூடிவிட்டது. யாரோ தீயணைப்பு வண்டிக்கு போன் செய்யலாமா என்று கேட்பது கேட்டது. கடைசியில் தாமோதரன் சார் கேட்டுக்கு ஆள் அனுப்பினார். பாஸ் இல்லாத அந்தோணி அண்ணனுக்கு விருந்தாளிச் சீட்டு எழுதி உள்ளே விட்டார்கள்.

அவர் ஏறி வந்தார். எனக்கு எதிரே உட்கார்ந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“நான் தூக்கிகினு போன காத்தாடி, அது இன்னா சைஸு மேடம்?”

நான் அழுதேன். “மன்னிச்சிடுண்ணா. நான் ஒரு நாள்கூட மேல வந்ததே இல்ல.”

“அது எனக்கு மொத மாசமே தெரியும். பயந்துகினு கீற, போவப் போவ சரியாய்டும்னு வுட்டுட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே பாத்து எழுதிக் குடுத்திருப்பேனே. எங்க தெருவுல என்ன திருடன்னு பேசிகினு கீறாங்க, தெரியுமா ஒனக்கு?”

பிறகு என் பெல்ட் கொக்கியைப் படிக்குப் படி மாற்றி மாட்டி, “வலது கால், இப்ப இடது கால்” என்று சொல்லிச் சொல்லியே இறக்கினார். கீழே எல்லோர் முன்னாலும், காத்தாடி இல்லை, கிரீஸ் வைக்கவில்லை, நான் ஏறினதே இல்லை என்று வரிசையாகச் சொன்னேன். அங்கேயே கேட் பாஸை அவர் கையில் கொடுத்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். வேலையை விட்டு அனுப்பியிருந்தாலும் நியாயம்தான்.

ஆனால் அந்தோணி அண்ணனுக்கு அது போதவில்லை. “இங்க சொன்னது சரி. வூட்டாண்ட வந்து சொல்லு” என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு ராயபுரம் போனேன். அவர் மனைவி ரீட்டா அக்கா வாசலிலேயே நின்றார், உள்ளே கூப்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்கும்படி வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டவர், கிரீஸ் வைக்க இடமே இல்லாத கட்டம் வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு, “இதுக்காடி ஏணி கேக்குமான்னு கேட்ட?” என்றாள். அப்போது ரீட்டா அக்கா வாய்விட்டுச் சிரித்து, “உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

என் கல்யாணத்துக்கு அவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். ரீட்டா அக்கா கொடுத்த பொட்டலத்தை மேடையிலேயே பிரிக்கச் சொன்னார். ஒரு கிரீஸ் டப்பா, மூடிமேல் பேனாவால் எட்டு என்று எழுதியிருந்தது. இன்றும் அது எங்கள் சமையலறை அலமாரியில் இருக்கிறது. கேஸை மூடினாயா, கரண்ட் பில் கட்டினாயா என்று என் கணவர் கேட்டு, நான் ஆமாம் என்றால், அவர் டப்பாவைப் பார்ப்பார். அம்மா போனிலேயே கேட்பாள்: “நெஜமா செஞ்சியா, இல்ல கிரீஸ் வெச்சியா?” எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அந்த மூன்று நாள் காலை எட்டு மணியை மட்டும் யாரும் கதையில் சேர்ப்பதில்லை. அந்தோணி அண்ணனும் சேர்ப்பதில்லை. எனக்கு மட்டும் அது அப்படியே இருக்கிறது.

வேலை அதே கிடங்கில்தான். படிவமும் அதேதான், தலைமை அலுவலகம் இன்னும் அந்த எட்டாவது வரிசையை எடுக்கவில்லை. மாதாமாதம் அந்தோணி அண்ணன் முன்னால் ஏற, நான் பின்னால் ஏறுகிறேன். பதினோராவது படியில் இப்போதும் கொஞ்சம் நின்றுதான் ஏறுவேன். மேலே போய் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி, புதுத் தகரம் போட்ட இடத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு, எட்டாவது வரிசையில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கீழே இறங்கினதும் அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டே கேட்பார்.

“எத்தினி மேடம்?”

“ஏழுண்ணா.”

அதைக் கேட்ட பிறகுதான் அவர் சாப்பிடப் போவார்.