அலமாரி மேல் ஒரு பன்

பொறாமைக்கு மருந்து என்று ஒன்று இருந்தால் முதல் பாட்டில் எனக்குத்தான் தந்திருக்க வேண்டும். பூஞ்சை நோய்களைக் கண்டறிவதிலேயே ஆயுளைக் கழித்தவன் என்று என்னைச் சொல்வார்கள். ஆரம்ப காலத்தில் நான் அதிகம் ஆராய்ந்தது ரொசாரியோவைத்தான்.

எழுபதுகளில் தூத்துக்குடியில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். நாங்கள் இருவரும் இளம் டாக்டர்கள். நோயாளியின் தோலைச் சுரண்டி, கண்ணாடிக் குழாயில் இட்டு, வாயைப் பஞ்சால் அடைத்து, என்ன பூஞ்சை வளர்கிறது என்று பார்ப்பது வேலை. ரொசாரியோ சுரண்டினால் வளரும். நான் சுரண்டினால் நோயாளிக்குக் கூச்சம் மட்டும் வரும். (அவன் கைராசிக்காரனாம். நர்ஸம்மா என் காதுபடவே சொல்வார்.) சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, எங்களில் ஒருவரை மேற்பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏலே, சன்னல் பக்கம் உக்காந்து குழாயத் திறக்காத. காத்து தூசிய அள்ளிக்கிட்டு வருது. என் ரூமுக்கு வா, அங்கன தூசி அடையாத கண்ணாடிப் பெட்டி இருக்கு" என்றான் ரொசாரியோ.

என் வேலை நுணுக்கத்தைத் திருடப் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். (அப்படி ஒன்று என்னிடம் இல்லை என்பது அப்போது தோன்றவில்லை.) சன்னலோரமே உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் அதிசயம். புன்னைக்காயல் மீனவர் ஒருவரின் கால் விரலிடுக்கில் எடுத்தது, பஞ்சு பஞ்சாக ஆரஞ்சு நிறத்தில் வளர்ந்திருந்தது. ஏரல் அரிசிக்கடை அண்ணாச்சியின் கழுத்துப் படையிலும் அதே. ஸ்ரீவைகுண்டம் விவசாயியின் நகத்திலும் அதே. சந்தேகமில்லை, புது நோய். அதற்கு என் பெயரை வைப்பதா, அப்பா பெயரை வைப்பதா என்பதுதான் பாக்கி. மீனவரிடமும் பெருமையாகச் சொல்லிவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் மாதா கோயில் வாசலில் நின்று எல்லாருக்கும் காலைத் தூக்கிக் காட்டினாராம்.

பேராசிரியர் வந்தார். மூன்று குழாய்களையும் நீட்டினேன்.

"ஒண்ணுமே போடாத வெறும் குழாய் ஒண்ணும் கூடவே திறந்து மூடி வச்சிருப்பீங்களே, அது எங்க?" என்று கேட்டார்.

வைக்கவில்லை. காற்றிலிருந்து ஏதாவது விழுந்து வளர்கிறதா என்று பார்க்க, கற்றுக்குட்டிகூட மறக்காமல் செய்கிற காரியம் அது.

ரொசாரியோ தயங்கினான். "சார், ஒரு சந்தேகத்துக்கு நான் ஒண்ணு இவன் மேசையில திறந்து மூடி வச்சிருந்தேன்."

அதிலும் ஆரஞ்சு. அவன் மெல்ல நிமிர்ந்து என் தலைக்கு மேலிருந்த அலமாரியைப் பார்த்தான். விளிம்பெல்லாம் ஆரஞ்சுப் பொடி. ஸ்டூலில் ஏறி, செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை இறக்கினான்.

உள்ளே என் பன். சில வாரங்களுக்கு முன், ரொசாரியோ பங்கு கேட்பானே என்று அவசரமாக மேலே ஒளித்துவைத்து மறந்தது. அதில் பிடித்த ரொட்டிப் பூசணம்தான் காற்றில் பறந்து மூன்று ஊருக்கும் நோய் கொடுத்திருந்தது.

ரொசாரியோ சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

பயிற்சிக்கு அவன் போனான். மீனவரை நான்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. "அப்பம் இது வெறும் சேத்துப்புண்ணுதானா டாக்டரே?" என்று முகம் வாடிப்போனார்.

பின்னால் நானும் படித்தேன், ஊர் ஊராகப் போய்ப் பாடமும் எடுத்தேன். யார் எந்த முடிவை நீட்டினாலும் முதலில் வெறும் குழாயைத்தான் கேட்பேன். மாணவர்கள் அதை என் ஒழுங்கு என்று நினைக்கிறார்கள்.

ரொசாரியோ வருடம் தவறாமல் கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்புகிறான். பெட்டியை என் கையில் கொடுக்கும்போதெல்லாம் என் மனைவி சொல்வாள்: "அலமாரி மேல வச்சிராதீய."

அன்றைக்கே முழுவதையும் தின்று தீர்ப்பேன். பாழாய்ப்போன கேக், அதுவும் நன்றாகத்தான் இருந்து தொலைக்கிறது.