பதிலோடு போனவன்

வாசகரே, ஒத்திகைக்காரர் என்றொரு இனம் உண்டு. அறிமுகமில்லை என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் உதட்டை அசைத்துக்கொண்டு, நடுநடுவே புருவத்தை உயர்த்தி, எதிரே இல்லாத யாருக்கோ அடக்கமாக ஒரு புன்னகையும் வழங்கிக்கொண்டு வருவாரே, பெரிய பக்தர் போலிருக்கிறது என்று நீங்கள்கூட நகர்ந்து இடம் விட்டீர்களே, அவர்தான். அவர் முணுமுணுப்பது மந்திரமல்ல. நாளைக்கு யாரோ கேட்கப்போகும் கேள்விக்கு இன்றைக்கே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த இனம் எல்லா வயதிலும் காணக் கிடைக்கும். ஆனால் முதல் நேர்முகத் தேர்வுக்குப் போகிற பிள்ளையிடம்தான் அது செழித்து வளரும். நான் கிட்டத்தில் நின்று பார்த்தது என் அக்கா மகனை. படிப்பை முடித்து ஒரு வருடமாக வீட்டோடு இருந்தான். “பையன் என்ன பண்றான்?” என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்று அக்கா கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டாள். அப்படிப்பட்ட நேரத்தில், கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் நிறுவனம் ஒன்று தன்னிடமே வேலை பார்க்க அவனை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. வேலை வேண்டியவரையும் ஆள் வேண்டியவரையும் பேசிப் பொருத்திவைக்கிற தொழில். ஏறக்குறைய கல்யாணத் தரகுதான், விருந்து மட்டும் கிடையாது.

ஒத்திகை தொடங்கியது. இணையத்தில் கிடைத்த கேள்விகளையெல்லாம் வாரிச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, அதைக் குளிக்கும்போது ஒரு தரம், தலை வாரும்போது ஒரு தரம், சாப்பிடும்போது மனசுக்குள் ஒரு தரம் என்று உருப்போட்டான். கைகுலுக்குவதற்குப் படுக்கையறைக் கதவின் கைப்பிடிதான் கிடைத்தது. பிடி உறுதியாகவும் இருக்க வேண்டும், மென்மையாகவும் இருக்க வேண்டுமாம். உறுதி வந்துவிட்டது, கைப்பிடி கழன்றுவிட்டது.

“எடுத்த வேலையை அளவுக்கு மீறி ஒழுங்காகச் செய்துவிடுவதே என் பலவீனம்” என்று கண்ணாடியிடம் அவன் ஒப்புக்கொண்டபோது, அக்கா கட்டில்மேல் கிடந்த ஈரத் துண்டைப் பார்த்தாள். எடுத்துக் கொடியில் போட்டாள். பெற்ற மனம். அப்பாவை அதிகாரியாக நாற்காலியில் உட்காரவைத்து ஏதாவது கேட்கச் சொன்னான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சாப்பிட்டியா?” என்றார். அந்தக் கேள்வி வராதாம். அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டான்.

அடுத்த அதிகாரி நான். நான் போய் அழைப்பு மணியை அழுத்தியபோது உள்ளேயிருந்து அவன் குரல் தெளிவாகக் கேட்டது: “மனிதர்களோடு பேசுவது எனக்கு மூச்சு விடுவது மாதிரி.” அதே மூச்சில், “யாரா இருந்தாலும் நான் இல்லன்னு சொல்லிடும்மா.” தாய்மாமன் என்று தெரிந்தபிறகு மன்னித்து உள்ளே விட்டார்கள். ஆபீசில் தலை நரைத்தவன் என்பதால் கேள்வி கேட்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் “ஏன்” என்று ஆரம்பித்தால் போதும், எந்த ஏன் என்று தெரிவதற்குள் பதில் மடை திறந்தது. அவர்கள் வேறு ஏதாவது கேட்டால் என்ன செய்வாய் என்றேன்.

“அதுக்கும் பதில் இருக்கு மாமா” என்றான்.

அதற்குமேல் நான் காபியை மட்டும் கவனித்துக்கொண்டேன்.

தேர்வு நாள் சாயங்காலம் அவனே நடந்ததைச் சொன்னான். காதில் ஹெட்போன் மாட்டிய நாலைந்து பேர் தாழ்ந்த குரலில் போன் பேசிக்கொண்டிருந்த கூடத்தைத் தாண்டி, ஒரு சின்னக் கண்ணாடி அறை. உள்ளே மேலாளர் அம்மாள். அவனுடைய விவரத் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, “நான் வேலை தேடி வந்திருக்கேன்னு வெச்சுக்குங்க. நீங்க என்னை விசாரிங்க” என்றாராம்.

கைகுலுக்கக்கூட வாய்ப்பில்லை. இருந்தாலும் சமாளித்து, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறான்.

“ரொம்ப வருஷம் ஒரு ஆஸ்பத்திரியில வரவேற்புல இருந்தேன். போன மாசம் விட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

நீங்களாக இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்? தெருவில் போகிறவன்கூட “ஐயையோ, ஏன்?” என்றிருப்பான். நம் பிள்ளைக்கோ மௌனம் என்றாலே தன் முறை வந்துவிட்டது என்று அர்த்தம். சவால்களை வாய்ப்புகளாகப் பார்ப்பதில் ஆரம்பித்து, பலம், பலவீனம், எதிர்கால லட்சியம், மூச்சு விடுவது மாதிரியான மனிதநேயம் என்று ஒன்று பாக்கியில்லாமல் கொட்டியிருக்கிறான். அந்த அம்மாள் கன்னத்தில் கைவைத்து முழுவதையும் கேட்டாராம். கேட்பதுதானே அவருக்குத் தொழில்.

எல்லாம் முடிந்தபின் மெதுவாகச் சொன்னாராம்: “நான் ஏன் விட்டேன்னு நீங்க கேக்கவே இல்லையே.”

இதற்கு அவனிடம் பதில் இல்லை.

வேலையும் இல்லை. அதை நேராகச் சொல்லியே அனுப்பிவிட்டார்கள். எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரங்களை எடுத்துவைத்தாள். சரி, அப்புறமாவது ஏன் என்று கேட்டாயா என்றேன்.

“கேக்கலாம்னுதான் இருந்தேன் மாமா. எப்படிக் கேட்டா நல்லா இருக்கும்னு மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டு இருந்தேன். அதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், என்ன போயிற்று. நேற்று உங்கள் வீட்டில் ஒருவர் உங்களிடம் ஏதோ சொல்ல வந்தாரே, நீங்களும் பெருந்தன்மையாக “உம்” கொட்டிக்கொண்டிருந்தீர்களே. நீங்கள் அவருக்குச் சொன்ன பதில் ஒரு வார்த்தை பிசகாமல் ஞாபகம் இருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் என்ன சொன்னார்?